வர்த்தகக் குறி பதியப் புதுக்கடைக்குப் போனோம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பொறுமை இருக்கிறவர்கள் வாசியுங்கள். இலங்கையில் மட்டும் வர்த்தகக் குறி, அதாவது ட்ரேட்மார்க், பதிய வேண்டும் என்றால் நாங்கள் போன இந்தக் கொழும்புப் புதுக்கடைச் சட்ட நிறுவனத்துக்குப் போகத் தேவையில்லை, அந்தப் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் சரக்கு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கிவிட்டது, அல்லது அடுத்த வருடம் போகும் என்றால், எந்த நாட்டில் முதலில் போடுவது, எந்த நாட்டில் போடாமலே விடுவது என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை இவர்கள் உண்மையிலேயே நன்றாகச் செய்தார்கள். போன் எடுப்பதிலும் பில் போடுவதிலும் படு மோசம். குறையையும் சேர்த்து எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கிட்ட, மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், அவ்வளவு போதும்.

நாங்கள் வெள்ளவத்தையில் கறித்தூள், மிளகாய்த்தூள், ஊறுகாய், மோர் மிளகாய் போட்டு விற்கிறோம். சிறிய இடம், அரைக்கிற மெஷின் ஒன்று, வறுக்க இரண்டு பெரிய தாச்சி. பைக்கற்றில் இருப்பது அப்பம்மாவை வீட்டில் கூப்பிடுகிற பெயர். முதலில் காலி வீதிக் கடைகளுக்கு மட்டும்தான் போட்டோம், பிறகு சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாப் பக்கம் ஒரு விநியோகஸ்தர் எடுக்கத் தொடங்கினார், அப்புறம் சென்னையில் ஒரு கடை. அந்தச் சிங்கப்பூர்க்காரர் ஒருநாள் வட்ஸ்அப்பில், "உங்கட பெயரை இங்க நானே பதிஞ்சு வைக்கிறன், உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று அனுப்பினார். நல்ல மனிதர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த மெசேஜைப் பார்த்த பிறகு தம்பிக்கும் எனக்கும் இரவில் நித்திரை இல்லை.

இணையத்தில் தேடினால் ஒரு கூட்டம் வந்து நிற்கும், "ஒரே விண்ணப்பம், ஆசியா முழுவதும் பாதுகாப்பு, ஒரு வாரத்தில்" என்று. அப்படி ஒருவரோடு கதைத்தும் பார்த்தோம். ஆசியா முழுவதற்கும் செல்லுகிற வர்த்தகக் குறி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பதிவுதான். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கிற மாட்ரிட் முறை என்று ஒன்று இருப்பது உண்மைதான். இந்தியா 2013இல் சேர்ந்தது, தாய்லாந்து 2017, இந்தோனேசியா 2018, மலேசியா 2019, ஐக்கிய அரபு அமீரகம் 2021, சிங்கப்பூரும் சீனாவும் அதற்கு முன்பே உள்ளே. ஆனால் நாங்கள் விண்ணப்பித்த நேரத்தில் இலங்கை அதில் இல்லை, ஆகவே கொழும்பிலிருந்து அந்த வழியால் போக முடியவில்லை. சிங்கப்பூரில் உண்மையாகவே இயங்குகிற ஒரு கம்பனி உங்களுக்கு இருந்தால் அங்கிருந்து போகலாம், அதிலும் முதல் ஐந்து வருடத்துக்குள் அந்தச் சொந்த நாட்டு அடிப்படைப் பதிவு விழுந்தால் அதைப் பிடித்துத் தொங்குகிற மற்ற நாட்டுப் பதிவுகளும் சேர்ந்து விழும். இதையெல்லாம் அந்த இணையத்துக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முற்பணம் எந்தக் கணக்குக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த கடைக்காரர்களில் பாதிப்பேர் இதில்தான் மாட்டியிருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறோம், கம்பனியும் பதிந்திருக்கிறோம், அதனால் பெயர் எங்களுடையது என்று நினைக்கிறார்கள். கம்பனிப் பதிவு வேறு, வர்த்தகக் குறி வேறு. கம்பனிப் பதிவாளர் திணைக்களமும், வர்த்தகக் குறி பதிகிற தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் ஒரே சமாகம் மெதுர கட்டடத்தில்தான் இருக்கின்றன. ஒரே கட்டடம் என்பதால் ஒரே வேலை என்று ஆகிவிடாது. இங்கே நடக்கிறது எல்லாம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ். பதிவு விண்ணப்பத் திகதியிலிருந்து பத்து வருடம், பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

சரி, நிறுவனத்துக்கு வருவோம். முதல் சந்திப்பில் பெரிய சேர் வந்து ஐந்து நிமிடம் இருந்து, எங்கள் வியாபாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "நாங்கள் ஜப்பான் கம்பனிகளுக்கெல்லாம் செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். மிச்ச வேலை முழுவதையும் பார்த்தது ஒரு இளம் சட்டத்தரணி. மட்டக்களப்புப் பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். இந்த விமர்சனத்தில் வருகிற நட்சத்திரம் எல்லாம் அவருக்குத்தான்.

அவர் செய்த முதல் வேலை எங்கள் கறித்தூள் பைக்கற்றை வாங்கி மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொன்றாக வெட்டினது. 'யாழ்ப்பாணத்து' என்பதை வெட்டினார், ஊர்ப் பெயரை ஒரு ஆள் தன்னுடையது என்று பிடித்து வைக்க முடியாது. 'வறுத்த கறித்தூள்' என்பதை வெட்டினார், அது பொருளின் பெயர், எல்லாரும் பாவிப்பார்கள். பனைமரப் படத்தின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டார், யாழ்ப்பாணச் சாமான் என்று விற்கிறவர்கள் எல்லாரும் பனையைத்தான் போடுகிறார்கள். 'கலப்படமற்றது' போனது. கடைசியில் மிஞ்சியது அப்பம்மாவின் பெயரும், அந்தப் பெயரைச் சுற்றி வருகிற கொடி வேலைப்பாடும். "அக்கா, நீங்கள் காசு கட்டிக் காப்பாற்ற வேண்டியது இதை மட்டும்தான்" என்றார். நாங்கள் போகும்போது முழு லேபலையும், மூன்று மொழியில் உள்ள எழுத்தோடு, நிறத்தோடு பதிய வேண்டும் என்று நினைத்துப் போனோம். அப்படிப் பதிந்திருந்தால் நாளைக்கு பைக்கற்றின் நிறத்தை மாற்றினால் பதிந்தது ஒன்று, பாவிப்பது இன்னொன்று என்று வந்து நிற்கும். பெயரை வெறும் எழுத்தாக ஒரு விண்ணப்பம், வசதி இருந்தால் கொடியோடு இன்னொரு விண்ணப்பம் என்று சொன்னார்.

அடுத்தது வகுப்பு. பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்க ஏறக்குறைய இதே பட்டியல்தான். கறித்தூள், மிளகாய்த்தூள் 30ஆம் வகுப்பு. ஊறுகாயும் மோர் மிளகாயும் 29. ஆனால் சட்னி 30. ஏன் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன், அவரும் சிரித்தார். இலங்கையில் ஒரு வகுப்புக்கு ஒரு விண்ணப்பம், ஆகவே கறித்தூளும் ஊறுகாயும் விற்கிற எங்களுக்கு இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். பெரிய சேரின் வரைவில் 35, 43 என்று கடை நடத்துவது, சாப்பாட்டுக்கடை நடத்துவது எல்லாம் "எதிர்காலத்துக்கு" என்று சேர்த்திருந்தது. அந்த மட்டக்களப்புத் தங்கச்சி அதைத் தானாகவே வெட்டினார். ஐந்து வருடம் பாவிக்காமல் வைத்திருந்தால் அதை நீக்கச் சொல்லி யாராவது கேட்கலாம், சீனாவில் மூன்றே வருடம், பிறகு எதற்கு இப்போதே காசைக் கொட்டுவது என்றார். தன்னுடைய நிறுவனத்தின் பில்லைத் தானே குறைக்கிற சட்டத்தரணியைக் கொழும்பில் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். இது ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும். வர்த்தகக் குறி போன்றவற்றுக்கு நாடுகள் சேர்ந்து செய்த பாரிஸ் உடன்படிக்கையின்படி, கொழும்பில் விண்ணப்பம் போட்ட திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வேறு உறுப்பு நாட்டில் போட்டால், அங்கேயும் கொழும்புத் திகதியையே உங்கள் திகதியாகக் கேட்கலாம். பதிவு கிடைத்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பம் போட்டிருந்தாலே போதும். இங்கே பதிவு கைக்கு வர வருடக்கணக்கில் ஆகும், அது எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் அந்தத் தாமதம் இந்த உரிமையைத் தொடாது. அதாவது முதலில் கொழும்பில் போட்டுவிட்டு, ஆறு மாதம் சென்னையில் எவ்வளவு விற்கிறது, மலேசியாவிலிருந்து ஓர்டர் வருமா என்று பார்த்துவிட்டு, பிறகு எங்கே காசு போடுவது என்று முடிவெடுக்கலாம், இடையில் அங்கே ஒருவர் அதே பெயரைப் போட்டாலும் உங்கள் திகதி முந்தும். எங்களைப் போல கையில் காசு குறைந்தவர்களுக்கு இதைவிட நல்ல சலுகை கிடையாது. அந்த இணையத்துக்காரர் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் காசு கட்டச் சொன்னார் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு அவர்கள் போட்டுத் தந்த ஒழுங்கு இது: கொழும்பு, உடனே சிங்கப்பூர், அந்த ஆறு மாதம் முடிவதற்குள் இந்தியா, மலேசியாவுக்குச் சரக்கு போனால் மலேசியா, சீனா இப்போதைக்கு வேண்டாம். சிங்கப்பூர் ஏன் இரண்டாவது என்றால் அந்த விநியோகஸ்தர். அவரோடு எங்களுக்கு எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் வட்ஸ்அப்தான். அவர் தன் பெயரில் பதிந்துவிட்டால் கெட்ட எண்ணத்தில் செய்த பதிவு என்று வாதாடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வாதாடப் போகிற காசுக்கு அங்கே பத்துத் தரம் பதியலாம். ஆகவே பதிவோடு சேர்த்து இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றும் எழுதித் தந்தார்கள். பெயர் எங்களுடையது, நீங்கள் எந்த நாட்டிலும் பதியக் கூடாது, வியாபாரம் நின்றால் மிச்ச பைக்கற்றுகளை இத்தனை மாதத்துக்குள் விற்று முடிக்க வேண்டும். அவர் ஒரு முகச்சுழிப்பும் இல்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இந்தியா கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே யார் முதலில் பதிந்தார் என்பதைவிட யார் முதலில் பாவித்தார் என்பதற்கு மதிப்பு அதிகம். அதனால் சென்னைக் கடைக்கு அனுப்பிய முதல் பில், சுங்கக் கடதாசி, லேபல் அச்சடித்த பில் எல்லாவற்றையும் தேடி எடுக்கச் சொன்னார், சத்தியக்கடதாசியோடு இணைக்க வேண்டுமாம். "வெளிநாட்டில் பேர் எடுத்திருக்கிறோமே, அது காணாதா" என்று தம்பி கேட்டதற்கு டொயோட்டாவின் கதையைச் சொன்னார். பிரியஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கக் கார் விற்கிற கம்பனி, அதே பெயரை வைத்து உதிரிப்பாகம் விற்ற இந்தியக் கம்பனியோடு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 டிசம்பரில் தோற்றது. இந்தியர்கள் பாவிக்கத் தொடங்கிய காலத்தில் உங்கள் பெயர் இந்தியச் சந்தையில் தெரிந்திருந்தது என்று காட்டு என்றது நீதிமன்றம், காட்ட முடியவில்லை. டொயோட்டாவுக்கே அப்படி என்றால் வெள்ளவத்தைக் கறித்தூளுக்கு என்ன.

சீனாவைப் பற்றி உள்ளே இரண்டு கருத்து இருந்தது, அதை எங்கள் முன்னாலேயே வாதாடினார்கள், எனக்கு அது பிடித்தது. எங்கள் பை அங்கேதான் அச்சாகிறது. பெரிய சேர், சீனாவில் யார் முந்திப் போடுகிறாரோ அவருக்குத்தான், ஆகவே கட்டாயம் போட வேண்டும் என்றார். அவர் சொன்ன உதாரணமும் சரிதான்: ஜப்பானின் மூஜி என்ற கடைக் கம்பனி, துவாய், படுக்கை விரிப்பு வகுப்பில் வேறு ஒருவர் 2001இல் பதிவை எடுத்துக்கொண்டதால், சொந்தப் பெயருக்கே சீனாவில் வழக்குத் தோற்று 2019இல் நட்டஈடு கட்டியது. ஏற்றுமதிக்காக மட்டும் சீனாவில் பொருள் செய்வித்தது அங்கே பெயரைப் பாவித்ததாக எடுபடவில்லை. ஆப்பிள் ஐபேட் என்ற பெயருக்கு 2012இல் 6 கோடி டொலர் கொடுத்துச் சமாதானமானது. தங்கச்சி சொன்னது, அவர்கள் அங்கே பொருளையே செய்தவர்கள், விற்றவர்கள், இவர்கள் அச்சடித்த வெறும் பையைக் கொண்டுவருகிறவர்கள், அச்சகத்தோடு ஒரு ஒப்பந்தம் இப்போதைக்குப் போதும், கறித்தூளை அங்கே விற்கப் போகிற அன்றைக்கு, அதற்கும் முதலே, போடலாம் என்று. நாங்கள் தங்கச்சி பக்கம் நின்றோம். சேர் சொன்னது பிழை என்று நான் சொல்ல மாட்டேன், பெரிய அளவில் அங்கே செய்விக்கிறவர்கள் அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும்.

தம்பிக்கு இன்னொரு ஆசை இருந்தது, அப்பம்மாவின் வறுவல் பக்குவத்துக்கு ஆக்கவுரிமை, அதாவது பேடன்ட், எடுக்க வேண்டும் என்று. தலைமுறையாக ஊரே செய்கிற ஒன்று புதியது ஆகாது, புதியது இல்லாததற்கு ஆக்கவுரிமை இல்லை என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் கொடுத்த ஆக்கவுரிமை, இந்திய விஞ்ஞான ஆய்வுக் கழகம் பழைய நூல்களைக் கொண்டுபோய்க் காட்டியதும் 1997இல் ரத்தானது. கிடைத்தாலும்கூட ஆக்கவுரிமை என்றால் பக்குவத்தை எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும், இருபது வருடத்தில் அது எல்லாருக்கும் பொது. வெளியில் சொல்லாத தகவலுக்கே நம் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, நீங்கள் அதை உண்மையாகவே ரகசியமாக வைத்திருந்தால். வறுக்கிற இரண்டு பேரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினோம். மல்லியும் மிளகாயும் எந்த அளவு என்பது இப்போது சுவரில் ஒட்டியிருக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் நாங்கள் கேட்காமலே அவர் கேட்ட கேள்வி, "லேபலை யார் வரைந்தது?" தெஹிவளையில் ஒரு பெடியன், கைக்காசுக்கு வரைந்து கொடுத்தான். அவன் எங்கள் ஊழியன் இல்லை, ஆகவே காசு கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றித் தராத வரை அந்த ஓவியத்தின் பதிப்புரிமை அவனுடையது. வாழ்நாளும் அதற்குப் பிறகு எழுபது வருடமும். கொடி வேலைப்பாட்டைக் குறியாகப் பதியப் போகிறோம், அந்தக் கொடியே எங்களுடையது இல்லை! ஒரு பக்கக் கடிதம், அவனுக்கு மேலதிகமாக ஒரு சின்னத் தொகை, வேலை முடிந்தது. லேபல், லோகோ வெளியில் வரைவித்த எல்லாரும் இதை மட்டுமாவது இந்தக் கிழமையே செய்யுங்கள், இதற்குச் சட்டத்தரணி கூடத் தேவையில்லை.

இனிக் குறைகள். முதல் சந்திப்பு இலவசம் என்றார்கள், பிறகு பில்லில் வேறு பெயரில் ஏறியிருந்தது. "இதர செலவுகள் 22,500 ரூபா" என்று ஒரு வரி, என்ன இதரம் என்று கேட்டதற்கு மூன்று பேரிடம் மூன்று பதில். வெளிநாட்டு ஏஜென்டின் கட்டணம் டொலரில், எந்த நாள் மாற்று விகிதம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. வற் வரி 18 வீதம் சேரும் என்பதை முதல் மதிப்பீட்டில் எழுதவே இல்லை, கடைசிப் பக்கத்தில்தான் பார்த்தோம். அரசாங்கக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு, வெளிநாட்டு ஏஜென்டுக்கு எவ்வளவு என்று மூன்று நிரலில் எழுதித் தரச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். கேட்ட பிறகு தந்தார்கள், தருவதற்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

போன் விஷயம் இன்னும் மோசம். வரவேற்பில் இருக்கிறவருக்குத் தமிழ் வராது, அது பெரிய குறை இல்லை, நாங்கள் சிங்களத்தில் சமாளிப்போம், ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் "மெடம் கோட்ஸில்", அதாவது நீதிமன்றத்தில், என்பதுதான் பதில். சென்னை ஏஜென்ட் கேட்ட கடதாசி ஒன்று இவர்களின் ஈமெயிலில் கிடந்து, ஆறு மாதக் கெடுவுக்குக் கடைசிக் கிழமையில்தான் எங்களுக்கு வந்தது. போட்டு முடித்தார்கள், கெடு தவறவில்லை, ஆனால் தம்பியின் பிரஷர் ஏறினது ஏறினதுதான். கெடு திகதிகளை நீங்களே கலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்களை நம்பாதீர்கள்.

யாருக்குச் சரிவரும்: வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற, அல்லது விநியோகஸ்தரோடு எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வியாபாரம் செய்கிற ஆட்களுக்கு. உள்ளூரில் ஒரு கடை, ஒரு பெயர் என்றால் சமாகம் மெதுரவுக்கு நேரே போய், அதே மாதிரிப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, நீங்களே போடுங்கள். வெளிநாட்டுக்காரர்தான் இங்கே ஏஜென்ட் வைக்க வேண்டும், நமக்குக் கட்டாயம் இல்லை. பதிவு கிடைக்கும் வரை லேபலில், பதிந்தது என்று காட்டுகிற வட்டத்துக்குள் ஆர் போடாதீர்கள், டிஎம் என்று போடலாம். இந்தியாவுக்குப் போகிற பைக்கற்றில் இது இன்னும் கவனம், அங்கே பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

எங்கள் சிங்கப்பூர், சென்னை விண்ணப்பங்கள் போய்விட்டன. கொழும்பில் வர்த்தமானியில் வரக் காத்திருக்கிறோம், வந்த பிறகு யாராவது எதிர்ப்பதற்கு மூன்று மாதம் உண்டு. நிறுவனத்தின் பெயர் வேண்டும் என்றால் உள்பெட்டியில் கேளுங்கள், தருகிறேன். பெரிய சேரைக் கேட்காதீர்கள், மட்டக்களப்புத் தங்கச்சியோடுதான் கதைக்க வேண்டும் என்று சொல்லிப் போங்கள். காலை ஒன்பதுக்கு முன் போனால் கோட்ஸுக்குப் போகுமுன் பிடிக்கலாம்.